சாக்குநூல் குஞ்சம்

கீழளத்தில் மழை பெய்தால் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். வருஷத்தின் முதல் மழை உப்புக் குவியலின் மேல் விழுந்ததும், உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்கள் அத்தனை பேரும் கொண்டையை அவிழ்த்துப் போட்டு, வரப்பிலே வட்டமாக உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, வெயிலைக் குடித்து வளர்ந்த பிள்ளை கண் முன்னாலேயே கரைந்து போகிறதே என்று, செத்த வீட்டில் அழுகிற அதே ராகத்தில், அதே முறை சொல்லி அழுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பதைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போகப்போக நான் இந்த ஊர்மேல் கோபப்படுவேன், அப்போது நீங்கள் ஊர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. கொஞ்சம்தான் இருந்தது என்பது என் கட்சி.

ஒரு மாசி மாதக் காலையில் எங்கள் வீட்டுச் சால்வை கொடிக்கயிற்றிலிருந்து இறங்கி நடந்து போயிற்று.

அதை உலர்த்தப் போட்டவர் என் அப்பா எசேக்கியேல். அளங்களுக்கு மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவர், ஊரில் ஒரே யூதர். என்னையும் சேர்த்தால் இரண்டு பேர்; ஆனால் அம்மா பக்கத்து நாசரேத் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் என்பதால் எங்கள் சட்டப்படி என்னைச் சேர்க்க முடியாது என்று அப்பா சொல்வார், சேர்த்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வேன், அந்தச் சண்டை தனி. மழைக்காலம் முடிந்ததும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பூஞ்சை பிடிக்காமல் சால்வைக்கு வெயில் காட்டுவது அவர் வழக்கம். அன்றைக்குக் கிளிப்பு மாட்டிவிட்டுத் திரும்பும்போது சால்வை நிமிர்ந்தது. உள்ளே ஓர் ஆண்பிள்ளையின் தோள் இருந்தது. தலை இல்லை, கை கால் இல்லை, கொஞ்சம் கூன் விழுந்த தோள் மட்டும். அது வேலிமுள்ளில் சிக்காமல் விலகி, எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பொன்னுலிங்கம் முதலாளியின் அளத்து நடுவரப்பில் ஏறி, மேற்கே பார்த்து நின்று, முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஜெபம் பண்ணும்போது அப்படித்தான் ஆடுவார்கள். அப்பா கையில் மிச்சமிருந்த கிளிப்போடு பின்னாலேயே ஓடினார்.

முதலில் பேசியது செல்லக்கனியக்கா. பொன்னுலிங்கத்தின் அளத்தில் பத்து வயதிலிருந்து உப்பு வாருகிறவள். உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எய்யா, வெயில் ஏறுது, இப்படி நடுவரப்புல நிக்கியளே. கஞ்சி இருக்கு, குடிக்கியளா?"

சால்வை ஆடிக்கொண்டே இருந்தது.

"வேண்டாங்காரு போல," என்று மற்றவர்களிடம் சொன்னாள். பிறகு அப்பாவிடம், "அண்ணாச்சி, உங்க வீட்டு ஆளா?"

"எங்க பெரியப்பா," என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஹெர்ஷல்னு பேரு."

"பெத்த வீடு மாதிரி ஒரு வீடு இருக்கையில இங்கன வந்து நிக்காரே. எதும் சடவா?"

சடவு, அதாவது மனத்தாங்கல், இருந்தது; அது எங்களுக்கே அப்போது தெரியாது.

ஹெர்ஷல் என்பவர் என் யாக்கோப் தாத்தாவின் அண்ணன். போலந்தின் கிழக்கோரத்தில் ஒரு சிற்றூரில் ரொட்டி சுட்டு விற்றவர்; அந்தக் கூன், மாவு பிசைந்து பிசைந்து விழுந்த கூன். தம்பி ரசாயனம் படித்து, உப்புக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, யுத்தத்துக்கு முன்பே கப்பலேறிக் கீழளம் வந்து சேர்ந்தார். அண்ணன், விடிந்தால் ஊர் ரொட்டி கேட்குமே என்று அங்கேயே இருந்துவிட்டார். ஜெர்மன் ராணுவம் வந்தது. ஊரிலிருந்த யூதர் அத்தனை பேரையும், பால்குடிக் குழந்தை உள்பட, காட்டுக்குள் நடத்திக் கொண்டுபோய், வெட்டி வைத்திருந்த பெரிய குழியின் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். துணிகளைக் கழற்றி ஒரு பக்கமாகக் குவிக்கச் சொன்னார்கள். பிறகு சுட்டார்கள். யுத்தம் முடிந்தபின், அந்தத் துணிக் குவியலிலிருந்து யூதரல்லாத அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்து ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு பொருள், கைமாறிக் கைமாறிக் கப்பலில் வந்தது. அதுதான் இந்தச் சால்வை. ஆட்டு ரோமத்தில் நெய்தது, வெள்ளையில் கறுப்புக் கோடு, நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட குஞ்சம். காலை ஜெபத்துக்கு ஆண்கள் போர்த்திக்கொள்வது.

வந்தபோது மூன்று குஞ்சம்தான் இருந்தது. ஒரு குஞ்சம் குறைந்தாலும் அதைப் போர்த்தி ஜெபிக்கக் கூடாது என்பது எங்கள் முறை. அப்பாவுக்குப் பதின்மூன்று வயது நிறைந்து முதன்முதலாகப் போர்த்த வேண்டி வந்தபோது, இந்தப் பக்கம் வேறு சால்வைக்கு எங்கே போவது என்று, யாக்கோப் தாத்தா உப்பு மூட்டை தைக்கிற சாக்குநூலை எடுத்து நாலாவது குஞ்சத்தைத் தானே கட்டினார். சாயம்கூடப் போடவில்லை. இன்றைக்கும் அந்த மூலை மட்டும் பழுப்பாக இருக்கும்.

சரி, ஊருக்கு வருகிறேன். பங்குனியிலும் சித்திரையிலும் எங்களைக் கொல்லுகிற கோடைமழை அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் எல்லாம் பெய்தது. கீழளத்துக்கு மேலே வந்த மேகம் மட்டும், வண்டி பிரிகிற மாதிரி இரண்டாகப் பிரிந்து, சால்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்விட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை மேகம் வரவே இல்லை. பொன்னுலிங்கம் முதலாளி கணக்கில் கெட்டிக்காரர். அன்றைக்கே ஆள் விட்டு வரப்பைச் செப்பனிட்டு, சால்வைக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு வைத்தார். "சால்வையய்யா" என்று பெயரும் அவரே வைத்தார். அதற்குப்பிறகு ஊர் நடந்துகொண்ட அழகைத்தான் நான் சொல்ல வந்தேன். எலுமிச்சம்பழ மாலை வந்தது. கோயில் கமிட்டி, இது மழையைத் தடுக்கிற எங்கள் காவல்தெய்வமேதான், போன கொடைத் திருவிழாவில் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வந்திருக்கிறார் என்றது. சர்ச்சு கமிட்டி, அங்கியின் மடிப்பைப் பார்த்தாலே தெரியவில்லையா, இவர் எங்கள் புனிதர் என்று மெழுகுவர்த்தி வைத்தது. ஜமாத்தில், கடலில் வந்த அவுலியா, இறைநேசர் இவர், மேற்கே பார்த்துத் தொழுகிறாரே, வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று ஊதுபத்தி கொளுத்தினார்கள். மூன்று தரப்பும் அடித்துக்கொள்ளவில்லை என்பதை மதநல்லிணக்கம் என்று ஒருவர் மேடை போட்டுப் பேசினார். எல்லாரும் கேட்டது ஒன்றே: மழை வேண்டாம். அவர் பாட்டுக்கு நின்றார். ஆனி, ஆடி, ஆவணி என்று, எலும்பை உருக்குகிற வெயிலில், தலைகூட இல்லாத ஒரு மனிதர், ஆடிக்கொண்டே நின்றார். உப்பு வெண்பொங்கலாகப் பொங்கியது. மழைக்கு முன்னால் குவியல்களை மூடுகிற கீற்றைப் பொன்னுலிங்கம் அந்த வருஷம் வாங்கவே இல்லை. அய்யா நிற்கும்போது கீற்று வாங்கினால் அவரை நம்பவில்லை என்று ஆகும் என்றார்.

நான் திருநெல்வேலியில் சரித்திரம் எம்.ஏ. படிக்கிறேன். விடுமுறைக்கு வந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது, ஒரு தூறல் இல்லை. கிணறுகளில் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. மழைக்காலம் என்றால் வேலையும் இல்லை கூலியும் இல்லை, ஆனால் காலில் உப்பு அறுத்த புண் ஆறுகிற காலமும் அதுதான். அந்த வருஷம் யார் காலும் ஆறவில்லை.

வரப்பில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழ மாலைகளை ஒதுக்கிவிட்டு, பழுப்புக் குஞ்சம் தொங்குகிற மூலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தாத்தா கட்டிய சாக்குநூலுக்குள்ளே, குஞ்சம் கோக்கிற துளையில், பழைய நூலின் மிச்சம் ஓர் அரையங்குலம் இருந்தது. பூச்சி தின்ற நூல் பொடியாக உதிர்ந்திருக்கும். இது அப்படி இல்லை. நசுங்கி, தட்டையாகி, இழைகள் வெவ்வேறு நீளத்தில் இழுபட்டு இருந்தது. கத்தியும் இல்லை. பல்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நம்ம ஆள் செத்தா சால்வையோட என்ன செய்வாங்க?"

"போர்த்திப் புதைப்பாங்க."

"அப்படியேவா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒரு குஞ்சத்தை அறுத்துட்டுப் புதைப்பாங்க. இனிமே ஜெபம் பண்ண வேண்டிய கடமை அவருக்கு இல்லைன்னு."

"பெரிய தாத்தா அதை அங்கேயே பல்லால கடிச்சு அறுத்திருக்காரு. குழி ஓரத்துல. நமக்குச் செய்ய யாரும் மிஞ்ச மாட்டாங்க, நாமே செஞ்சுக்குவோம்னு. அப்புறம் அவனுங்க அதையும் உரிச்சுட்டாங்க. போர்த்தாமலே போய்ச் சேர்ந்தாரு. மிஞ்சினது அந்த அறுப்பு ஒண்ணுதான். அதையும் நம்ம தாத்தா கட்டி வச்சுட்டாரு. கடமை முடிஞ்ச மனுஷனுக்குத் திரும்பக் கடமையை மாட்டி விட்டுட்டாரு. அதான் நிக்காரு. சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜெபத்தை நிறுத்த முடியலை அவருக்கு."

"நீ பக்கத்துல இருந்து பாத்தியோ?"

"நூல் இருக்கு, போய்ப் பாருங்க."

"எங்கப்பாவுக்கு இது தெரியாதுன்னு நினைக்கியா? எல்லா முறையும் தெரிஞ்ச மனுஷன்."

"தெரிஞ்சுதான் கட்டியிருக்காரு."

அப்பா எண்ணெய்க் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணன் செத்தாருன்னு எங்கப்பா ஒருநாளும் சொன்னதில்லை," என்றார் கடைசியில். "அங்க இருக்காருன்னுதான் சொல்லுவாரு. அவரு கட்டினதை நான் அறுத்தா, பெரியப்பாவைக் கொன்னது நானாயிரும். அதுவுமில்லாம இது ஆம்பளைங்க காரியம். உனக்கெதுக்கு?"

"செய்ய வேண்டிய ஆம்பளை பம்பு பிரிச்சுக்கிட்டு இருந்தா வேற யாரு கேப்பா?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் விடவில்லை. அறுக்க வேண்டுமென்றால் புதைக்க இடம் வேண்டும். தாத்தாவின் கல்லறை இருந்த கம்பெனி நிலத்தை எப்போதோ அளமாக்கிவிட்டார்கள். சர்ச்சு கமிட்டிக்குப் போனேன். உங்கள் புனிதருக்கு ஆறடி கொடுங்கள் என்றேன். ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லாமல் எப்படியம்மா என்றார்கள். ஜமாத்தில் டீ கொடுத்து, அன்பாகப் பேசி, அவர் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவரா என்று தெரியாதே என்றார்கள். கோயில் கமிட்டித் தலைவர், சாமியை யாராவது புதைப்பார்களா, பைத்தியமா உனக்கு என்றார். சரி, சாமி இல்லை, மனுஷர் என்றேன். மனுஷர் என்றால் என்ன சாதி என்றார். நின்றுகொண்டிருந்த வரைக்கும் மூன்று தரப்புக்கும் சொந்தம். படுக்க வேண்டும் என்றதும் அநாதை. ஐரோப்பாக்காரன் மட்டும்தான் மனிதனைத் தரம் பிரித்தான் என்று என் வகுப்பில் யாராவது இனி எழுதட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அளத்துக் கூலிக்காரர்களின் இடுகாடு இருக்கிறது. ஊர்ப் பிணம் அங்கே போகாது; அந்தச் சாதிப் பிணம் ஊர் வழியாக வரக் கூடாது. செல்லக்கனியக்காவிடம் கேட்டேன். அவள் காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எடம் கெடக்கு. எங்க மாமியாருக்குப் பக்கத்துலயே கெடக்கு. அது பிரச்சினை இல்ல தெபோரா. அவரு படுத்தா மழை வரும்லா?"

"வரும்னுதான் நினைக்கேன்."

"குவிச்சு வச்சதுல பாதி இன்னும் வண்டி ஏத்தலை. ஏத்தினாத்தான் எங்களுக்குக் கூலி. உங்க பெரிய தாத்தாவுக்குச் சாவு வேணும், எங்க வீட்டுப் பிள்ளையளுக்குச் சோறு வேணும். எது பெருசு, நீ படிச்சவ, சொல்லு."

நான் அவள் காலிலிருந்த உப்புப் புண்ணைப் பார்த்தேன்.

"ஆனா தண்ணியும் வேணும்," என்றாள் அவளே, எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டு. "லாரித் தண்ணி குடிச்சுச் சின்னவனுக்கு வயித்தால போகுது. உப்பை ஏத்தி முடிக்கட்டும், பொறு. அவரு எவ்வளவோ பொறுத்துட்டாரு."

பொறுத்திருப்போம். பொன்னுலிங்கம்தான் பொறுக்கவில்லை. நான் கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்குவது அவர் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் பகலில் கொத்தனாரோடு வந்து, சால்வையைச் சுற்றிக் குழி வெட்டி, பலகை அடைத்து, அடி விளிம்பு கான்கிரீட்டுக்குள் போகிற மாதிரி கலவை கொட்டச் சொன்னார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது மூன்று மூலையும் கலவைக்குள் போயிருந்தன. சாக்குநூல் மூலை மட்டும் பலகைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மொதலாளி இது?" என்றார் அப்பா.

"பீடம் அண்ணாச்சி. காத்துல ஆடுதாருல்லா, விழுந்துரக் கூடாது. எல்லாம் ஒரு பாதுகாப்புதான்."

"அவரு எங்க பெரியப்பா."

"இருக்கட்டும். இப்ப ஊருக்குச் சொந்தம். பாப்பா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு, கலவை படும்."

"பாப்பா இல்ல, தெபோரா," என்றேன். "உங்க தகப்பனாரையும் இப்படித்தான் நிக்க வச்சுக் கலவை ஊத்தினீங்களா, படுக்க விட்டீங்களா?"

அவர் சிரித்தார். கூட்டத்தில் சிலரும் சிரித்தார்கள். அப்போதுதான் எல்லாரும் கவனித்தோம்: சால்வை ஆடவில்லை. மாசியிலிருந்து ஒரு நொடிகூட நிற்காத ஆட்டம் நின்று, அந்தக் கூன் தோள் நிமிர்ந்து, விறைத்து, மெதுவாக நடுங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள். முன்னால் ஒருவன் கை நீட்டி உத்தரவு போடுகிறான். காலுக்குக் கீழே அன்றைக்கு வெட்டிய மண்.

அப்பா அதைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த அரிவாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கலவையை மிதித்துக்கொண்டு போய், மண்டி போட்டு, தன் அப்பா கட்டிய சாக்குநூல் குஞ்சத்தை வாயில் எடுத்தார். சாக்குநூல் லேசில் அறாது. ஒரு பக்கப் பல்லால், பிறகு மறுபக்கப் பல்லால், உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிய, நாய் எலும்பைக் கடிப்பதுபோல அவர் கடித்துக்கொண்டே இருந்தார், கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டுத் தலையிலிருந்த துண்டை எடுத்தார், யாரும் கிட்டே வரவில்லை. நூல் அறுந்தது. தோள் மடங்கியது. ஈரக் கலவையிலிருந்து மூன்று மூலையும் தானாகவே வழுக்கி வெளியே வர, ஹெர்ஷல் என் அப்பாவின் மடியில் விழுந்தார்.

விழுந்தார் என்று சொல்கிறேன், ஏனென்றால் கனம். துணியை எடுப்பதுபோல நான் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன், அசையவில்லை. ஒரு ரொட்டிக்காரரின் முழு எடை உள்ளே இருந்தது. செல்லக்கனியக்காவும் கொத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நான்கு பேர் தூக்கியும், வாய்க்காலைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பொன்னுலிங்கம் பின்னாலேயே வந்து, அய்யா, உப்பு, கீற்றுகூட வாங்கவில்லையே அய்யா என்று சால்வையிடம் கெஞ்சினார். வாய்க்கால் கரையோடு நின்றுகொண்டார். அந்த இடுகாட்டுக்குள் அவர் கால் வைக்க மாட்டார். அதற்காக அந்த ஒரு நாள் மட்டும் நான் சாதிக்கு நன்றி சொன்னேன், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

செல்லக்கனியக்காவின் மாமியாருக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். இந்தக் குழியை அவருக்காக வெட்டினோம், அவர் ஒருவருக்காக. அப்பா மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் முதல் மண்ணைத் தள்ளினார்.

"அண்ணாச்சி, திருப்பிப் பிடிச்சிருக்கீய," என்றாள் அக்கா.

"தெரியும் தாயி. மனசில்லாமத் தள்ளுதோம்னு காட்டத்தான் அப்படி."

பிறகு கையில் கொடுக்காமல் மண்ணில் குத்தி வைத்தார். துக்கத்தைக் கைமாற்றக் கூடாது என்பது முறை. அடுத்தது யார் என்பதுபோல என்னைப் பார்த்தார். இது ஆம்பளைங்க காரியம் என்று அவர் சொல்லவில்லை. நான் எடுத்தேன்.

அடக்க ஜெபம் சொல்ல எங்கள் ஆட்களில் பத்து ஆண்கள் வேண்டும், எங்களுக்கு இருந்தவர் ஒருவர். அதனால் அப்பா ஒன்றும் சொல்லாமல் உதட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். மண் மூடியது. ஒருவரும் அழவில்லை. எப்படி அழுவது, யாருக்கு அவரைத் தெரியும்? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொன்றவர்கள் அழவில்லை, கூட நின்றவர்கள் அழுவதற்கு மிஞ்சவில்லை, தம்பியோ அண்ணன் செத்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை, இந்த ஊர் அவரிடம் கேட்டதே தவிர அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதருக்காக ஒரு குரல் எழும்பியதில்லை.

முதல் துளி மண்வெட்டிக் காம்பில் விழுந்தது. அடுத்தது என் கழுத்தில். பிறகு மேற்கே இருந்து, மாசியிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் சேர்த்து, வானம் இறங்கியது. வாய்க்காலுக்கு அப்பால் மூடாத குவியல்கள் ஒவ்வொன்றாக உச்சி குழிந்து இடியத் தொடங்கின. பலகை அடித்து வைத்த பீடத்தில் தண்ணீர் நிறைந்தது.

செல்லக்கனியக்கா எழுந்து அளத்தைப் பார்த்தாள். ஒரு வருஷக் கூலியில் பாதி. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கொண்டையை அவிழ்த்தாள். அந்த இடத்திலேயே, புதுமண்ணுக்குப் பக்கத்திலேயே, ஈரத் தரையில் உட்கார்ந்தாள். வாய்க்காலைத் தாண்டி மற்றப் பெண்களும் ஓடிவந்து அவளைச் சுற்றித் தோள்மேல் தோள் போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"எங்கய்யா நின்னியே," என்று எடுத்தாள், மாரில் அடித்துக்கொண்டு. "ஏறு வெயில்ல நின்னியே. வெள்ளைத் துணி உடுத்தி, எங்க வெறும் வயித்தக் காத்து நின்னியே. படுத்துட்டியே எங்கய்யா, பாக்கப் பாக்கக் கரைஞ்சியே."

உப்புக்கா, அவருக்கா என்று நான் கேட்கவில்லை. அப்பா மழையில் தலைகுனிந்து, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தார்.